சங்கச் செயற்குழுவும் ஆளுமை வகைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது யாருக்காக?

பெங்களூரில் தமிழர்கள் நடத்தும் சின்னச் சங்கங்களின் செயற்குழுவில் இருப்பவர்களுக்காக. அல்சூரில் இருக்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் 1950இலேயே தொடங்கியது, அதன் அளவும் அமைப்பும் வேறு. நான் சொல்வது ராமமூர்த்தி நகர், கிருஷ்ணராஜபுரம், ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி என்று அங்கங்கே பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, பொங்கல் விழா, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு, ஒரு அலமாரி நூலகம், ரத்ததான முகாம் என்று நடத்திக்கொண்டிருக்கும் குழுக்களை. அபார்ட்மென்ட் சங்கத்தில் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

இந்தக் குழுக்களில் இரண்டு தலைமுறை ஒன்றாக உட்காருகிறது. ஐடிஐ, எச்ஏஎல், பெமல் மாதிரிப் பொதுத்துறை ஆலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் ஒரு பக்கம், ஐடி கம்பெனியில் இருக்கும் முப்பது வயதுக்காரர்கள் மறுபக்கம். ஆபீசில் ஏதாவது ஒரு பெர்சனாலிட்டி டெஸ்ட் எடுத்துவிட்டு வந்த இளையவர், "நம்ம கமிட்டியிலும் இதைச் செய்தால் இவ்வளவு சண்டை வராது சார்" என்கிறார். மூத்தவர், "இது என்னப்பா புது ஜோசியம்" என்கிறார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

ஆளுமை வகை என்பது எங்கிருந்து வந்தது?

கார்ல் யுங் என்ற சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் 1921இல் மனிதர்களின் உளவியல் வகைகளைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். எக்ஸ்ட்ரோவெர்ட், இன்ட்ரோவெர்ட் என்று இன்று நாம் சாதாரணமாகச் சொல்வது பரவியதற்கு அவர்தான் காரணம். அமெரிக்காவில் கேதரின் பிரிக்ஸ் என்பவரும் அவருடைய மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸும் அதை எடுத்து, கேள்வித்தாளாக மாற்றினார்கள். இரண்டாம் உலகப் போர் நேரத்தில் புதிதாக வேலைக்கு வந்த பெண்களுக்கு எந்த வேலை ஒத்துவரும் என்று பார்க்க உதவும் என்பது இசபெல்லின் எண்ணம். இரண்டு பேரும் உளவியல் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் இல்லை. 1962இல் எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ் அதை வெளியிட்டது. அதுதான் எம்பிடிஐ (மையர்ஸ்-பிரிக்ஸ் டைப் இண்டிகேட்டர்). நான்கு ஜோடி, ஜோடிக்கு இரண்டு பக்கம், மொத்தம் 16 வகை. ஜோடிக்கு ஒரு எழுத்தாகச் சேர்த்து "நான் ஐஎன்டிஜே" என்று யாராவது சொன்னால் இதைத்தான் சொல்கிறார்.

டிஸ்க் என்று இன்னொரு ஆளுமைத் தேர்வு இருக்கிறது. வில்லியம் மார்ஸ்டன் 1928இல் எழுதிய கருத்துகளிலிருந்து பின்னால் வந்தவர்கள் உருவாக்கியது. மார்ஸ்டன்தான் வொண்டர் வுமன் என்ற காமிக்ஸ் பாத்திரத்தை உருவாக்கியவர் என்பது பலருக்குத் தெரியாது. குழுவில் யார் என்ன பங்கு வகிக்கிறார் என்று பார்க்கும் முறையை இங்கிலாந்தில் மெரடித் பெல்பின் 1981இல் முன்வைத்தார். எனக்குப் பிடித்தது அதுதான், ஏனென்றால் அது ஆளின் உள்மனத்தைத் தோண்டாமல் குழுவுக்குள் அவர் செய்யும் வேலையைப் பார்க்கிறது.

இதெல்லாம் அறிவியலா, ஜோசியமா?

நேராகச் சொல்லிவிடுகிறேன். மனிதர்களை 16 பெட்டியில் போட்டு அடைக்க முடியும் என்பதற்கு ஆதாரம் பலவீனமானது. ஒரே ஆள் சில வாரம் கழித்து அதே கேள்வித்தாளை மறுபடி நிரப்பினால் வேறு வகை வருவது சகஜம். காரணம் எளிது. பெரும்பாலானவர்கள் நடுவில் இருக்கிறார்கள். முழு எக்ஸ்ட்ரோவெர்ட்டும் முழு இன்ட்ரோவெர்ட்டும் கொஞ்சம் பேர்தான். நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மார்க், அந்தப் பக்கம் ஒரு மார்க் என்றால் எழுத்தே மாறிவிடும், ஆள் மாறவில்லை.

"ஆனா எனக்கு வந்த பலன் அப்படியே என்னைப் பத்திச் சொல்லுதே" என்று கேட்பார்கள். 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் பேராசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்து, ஆளுக்கு ஒரு ஆளுமைக் குறிப்பு கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. பிறகு பார்த்தால் எல்லாருக்கும் கொடுத்தது ஒரே குறிப்பு, அதிலும் கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தது. "உங்களிடம் இன்னும் பயன்படுத்தாத திறமை நிறைய இருக்கிறது" என்றால் யார்தான் இல்லை என்பார்? மூத்தவர்கள் ஜோசியம் என்று சொல்வதை அதனால் தள்ளிவிட முடியாது.

உளவியல் ஆராய்ச்சியாளர்கள் அதிகம் நம்புவது பிக் ஃபைவ். புதியதை ஏற்கும் மனம், பொறுப்புணர்வு, வெளியில் கலகலப்பு, இணங்கிப்போகும் தன்மை, மனப்பதற்றம் என்று ஐந்து அளவுகோல். இதில் வகை கிடையாது, ஒவ்வொன்றிலும் நீங்கள் எவ்வளவு என்ற அளவுதான். 1991இல் பேரிக், மவுண்ட் என்ற இருவர் நிறைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எந்தத் தொழிலாக இருந்தாலும் வேலைத் திறனோடு தொடர்ந்து ஒத்துவந்தது பொறுப்புணர்வுதான்.

அப்படியென்றால் இதை ஏன் செய்யவேண்டும்?

பேச ஒரு வழி கிடைக்கிறது, அதற்காக. நம் குழுக்களில் ஒருவர் வேலை செய்யும் விதம் பிடிக்கவில்லை என்றால் அதை முகத்துக்கு நேரே சொல்லும் பழக்கம் இல்லை. மனசுக்குள் வைத்துக்கொள்வோம், வண்டி எடுக்கும்போது இன்னொருவரிடம் புலம்புவோம், அப்புறம் ஒருநாள் பொதுக்குழுவில் வெடிக்கும். "நீங்க வேணும்னே லேட் பண்றீங்க" என்பதும், "நீங்க கடைசி நேரத்துல சூடு பிடிக்கிற ஆள், எனக்கு முன்னாடியே முடியலைன்னா தூக்கம் வராது, என்ன பண்ணலாம்?" என்பதும் ஒரே விஷயத்தைப் பற்றியதுதான். முதலாவதில் எதிராளிக்குக் கெட்ட எண்ணம் இருப்பதாகக் குற்றம் சாட்டுகிறோம், இரண்டாவதில் பேச இடம் விடுகிறோம்.

சம்பளம் இல்லாத இடத்தில் இது இன்னும் முக்கியம். ஆபீசில் மனஸ்தாபம் வந்தாலும் திங்கட்கிழமை போய் உட்காருவோம். சங்கத்தில் மனம் கசந்தவர் சத்தம் போடாமல் வராமல் போய்விடுவார், அவ்வளவுதான்.

எந்தத் தேர்வு எடுப்பது? செலவு ஆகுமா?

காசு செலவழிக்காதீர்கள். சந்தாப் பணத்தில் இதற்குச் செலவு காட்டினால் பொதுக்குழுவில் கேட்பார்கள், கேட்பதும் சரிதான். பிக் ஃபைவுக்கு ஐபிஐபி என்று யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய கேள்விகளின் தொகுப்பு இருக்கிறது. விருப்பம் இருப்பவர்கள் அதிலிருந்து எடுத்துச் செய்து பார்க்கலாம்.

ஆனால் என் சிபாரிசு, தேர்வே வேண்டாம் என்பதுதான். ஆங்கிலக் கேள்வித்தாளைப் பார்த்ததும் சில மூத்தவர்களும், வீட்டில் இருக்கும் பெண்களும் ஒதுங்கிக்கொள்வார்கள். அதற்குப் பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காபி குடித்துக்கொண்டே தமிழில் நான்கு கேள்வி கேளுங்கள். ஒரு யோசனை வந்தால் உடனே பேசிப் பார்ப்பீர்களா, தனியாக யோசித்துவிட்டு வந்து சொல்வீர்களா? வேலையை முன்கூட்டியே முடித்தால் நிம்மதியா, கடைசி வாரத்தில்தான் வேகம் வருமா? உங்களிடம் தவறு சொல்லவேண்டும் என்றால் எப்படிச் சொன்னால் ஏற்றுக்கொள்வீர்கள், எல்லார் முன்னாலுமா, தனியாகவா, போனிலா? எந்த வேலையை உங்கள் தலையில் கட்டினால் சங்கத்துக்கே வரமாட்டீர்கள்?

கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் ரொம்பப் பயன்படும். கதவு கதவாக நன்கொடை கேட்டுப் போவதை வெறுக்கும் ஒருவரை நான்கு வருடமாக நன்கொடைக் குழுவில் போட்டு வைத்திருப்பது அப்போதுதான் தெரியவரும். அவரும் மரியாதைக்காகச் சொல்லாமல் இருந்திருப்பார்.

கூட்டத்தில் மூன்று பேர்தான் பேசுகிறார்கள். மற்றவர்கள் வாயைத் திறப்பதே இல்லை. என்ன செய்யலாம்?

ஏறக்குறைய எல்லாச் சங்கத்திலும் வரும் கேள்வி இது.

எனக்குத் தெரிந்த ஒரு குழுவில் பொருளாளர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், பேசவே மாட்டார். பொங்கல் விழா பட்ஜெட் கூட்டம். சவுண்ட் சர்வீஸ், பந்தல், சாப்பாடு என்று மற்றவர்கள் குரலை உயர்த்தி முக்கால் மணி நேரம் பேசினார்கள். அவர் ஒரு பழைய ரசீதின் பின்பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டே இருந்தார். கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்தபோது பக்கத்தில் இருந்த இணைச் செயலாளர் அதை எட்டிப் பார்த்தார். போன வருடம் எத்தனை டோக்கன் கொடுத்தோம், எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எவ்வளவு சாம்பார் சாதம் மிஞ்சியது, அதன்படி இந்த வருடம் எத்தனை பேருக்குச் சமைத்தால் போதும் என்று முழுக் கணக்கும் அந்தச் சின்னத் தாளில் இருந்தது. "இதை ஏன் சார் சொல்லலை?" என்று கேட்டதற்கு, "யாரும் கேக்கலையே" என்றார். சாப்பாட்டு ஆர்டரை அதன்பிறகுதான் மாற்றினார்கள்.

அவருக்கு வெட்கம் என்று நினைக்கவேண்டாம். யோசித்து முடித்த பிறகு பேசுகிறவர், அவ்வளவுதான். பேசிக்கொண்டே யோசிப்பவர்கள் இடைவெளி விடாமல் பேசினால் இவருக்கு இடம் கிடைக்காது. மைக்கேல் டீல், வொல்ஃப்காங் ஸ்ட்ரோபே என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1987இல் சோதித்துப் பார்த்ததும் இதைத்தான் காட்டியது. கூட்டமாக உட்கார்ந்து யோசனை சொல்லும்போது, அடுத்தவர் முடிக்கட்டும் என்று காத்திருப்பதிலேயே யோசனைகள் அடைபட்டுப் போகின்றன, தனித்தனியாக யோசித்துப் பிறகு சேர்த்தால் அதிகம் கிடைக்கின்றன.

அதனால் முறையை மாற்றுங்கள். நிகழ்ச்சி நிரலை வியாழக்கிழமையே அனுப்புங்கள், ஞாயிறு காலை கூட்டத்தில் போய்க் கொடுக்காதீர்கள். பணம் சம்பந்தப்பட்ட விஷயம் என்றால் முதல் ஐந்து நிமிடம் எல்லாரும் ஆளுக்கு ஒரு தாளில் எழுதட்டும், பிறகு வயதில் இளையவரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராகப் படிக்கட்டும். தலைவர் கடைசியில் பேசவேண்டும். தலைவர் முதலில் கருத்துச் சொல்லிவிட்டால் நம் ஊர்ப் பழக்கத்தில் பாதிப் பேர் அதையே வழிமொழிந்துவிடுவார்கள். கூட்டம் முடிந்து ஒருநாள் வரைக்கும் செயலாளருக்குத் தனியாகக் கருத்து அனுப்பலாம், அதற்கப்புறம்தான் தீர்மானம் மினிட்ஸ் புத்தகத்தில் ஏறும் என்று வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

அதிகம் பேசுகிறவர்களைக் குறை சொல்லவும் கூடாது. ஸ்பான்சர் பிடிப்பது, காவல் நிலையத்தில் அனுமதி வாங்குவது, விழா அன்று மைக் பிடித்துக் கூட்டத்தை உட்கார வைப்பது எல்லாம் அவர்களால்தான் நடக்கிறது.

ஒருவர் எல்லாவற்றையும் ஆறு மாதம் முன்பே திட்டமிடச் சொல்கிறார், இன்னொருவர் "பாத்துக்கலாம்" என்கிறார். யார் சொல்வது சரி?

எந்த வேலை என்பதைப் பொறுத்தது. பொங்கல் விழாவையே எடுத்துக்கொள்ளுங்கள். வேலை நாளில் வைக்க முடியாது என்று பெரும்பாலும் பொங்கலை ஒட்டி வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வைக்கிறோம். பெங்களூரில் எல்லாச் சங்கமும் அதே சில ஞாயிறுகளைத்தான் குறிவைக்கும், அதனால் மண்டபமும் சமையல் மாஸ்டரும் தாமதித்தால் கிடைக்காது. இங்கே திட்டமிடுகிறவர் சொல்வதைக் கேட்டே ஆகவேண்டும். அதே விழா அன்று மின்சாரம் போகும், பரதநாட்டியக் குழந்தைகள் டின் ஃபேக்டரி சந்திப்பு நெரிசலில் மாட்டிக்கொள்வார்கள், கரும்புக் கட்டு வந்து சேராது. அந்த நேரத்தில் "பாத்துக்கலாம்" ஆள் இல்லாவிட்டால் திட்டமிட்டவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். ஜெனரேட்டர்காரரை எழுப்பி, நிகழ்ச்சி வரிசையை மாற்றி, கோலப் போட்டி முடிவை இழுத்து அறிவித்துச் சமாளிப்பவர் மற்றவர்தான்.

அதனால் இரண்டு பேரையும் ஒரே வேலையில் மோதவிடாமல் பிரித்துக்கொடுங்கள். விழாவுக்கு முந்தைய நாள் வரை முதலாமவர் பொறுப்பு, விழா நாள் காலையிலிருந்து இரண்டாமவர் பொறுப்பு. யார் சொல்வதை எப்போது கேட்கவேண்டும் என்று முன்னதாகவே எல்லாருக்கும் அறிவித்துவிடவேண்டும். இல்லாவிட்டால் விழா அன்று மேடைக்குப் பின்னால் இரண்டு பேரும் எதிரெதிர் உத்தரவு போடுவார்கள், தன்னார்வலர்கள் திணறுவார்கள்.

எது நெகிழக்கூடாது என்பதையும் எழுதி வையுங்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. எந்த ஆளுமை வகையாக இருந்தாலும் 10 மணி 10 மணிதான். ஆகவே பட்டிமன்றத்தை எட்டரைக்குத் தொடங்கினால் நடுவர் தீர்ப்புச் சொல்லும் முன் மைக்கை அணைக்கவேண்டி வரும்.

ஒரு கூடுதல் தகவல். "திட்டமிடுகிறவர்" என்று தன்னை நினைப்பவர்களும் காலத்தைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். 1994இல் வெளியான ஓர் ஆய்வில் பல்கலைக்கழக மாணவர்களிடம் ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள், ஆனது 55 நாளுக்கு மேல். விழா மலர் அச்சுக்குப் போகும் தேதியை நிர்ணயிக்கும்போது இதை நினைவில் வையுங்கள், கட்டுரை தருகிறேன் என்றவர்கள் எல்லாரும் தாமதிப்பார்கள்.

எதைச் சொன்னாலும் "இது நடக்காது" என்று சொல்லும் ஒருவர் இருக்கிறார். அவரை எப்படிச் சமாளிப்பது?

முதலில் அவர் சொன்னது எத்தனை முறை நடந்திருக்கிறது என்று பாருங்கள். மழை வந்தால் என்ன செய்வது, அனுமதி கிடைக்காவிட்டால் என்ன, நன்கொடையாளர் பின்வாங்கினால் என்ன என்று கேட்பவர் குழுவுக்குத் தேவை. பெல்பின் பட்டியலில் இப்படிச் சீர்தூக்கிப் பார்க்கிறவருக்கு ஒரு தனி இடமே உண்டு. பிரச்சினை அவர் எப்போது கேட்கிறார் என்பதில்தான். ஒருவர் ஆசையாக ஒரு யோசனை சொல்லி வாய் மூடும் முன் இவர் குறுக்கே விழுந்தால், அடுத்த முறை அந்த ஆள் யோசனையே சொல்லமாட்டார். "சார், முதல் பத்து நிமிஷம் யோசனை மட்டும், அதுக்கப்புறம் உங்க பத்து நிமிஷம்" என்று அவருக்கே ஒரு நேரம் கொடுங்கள். தன் கவலைக்கு மரியாதை உண்டு என்று தெரிந்ததும் பெரும்பாலானவர்கள் பொறுத்திருப்பார்கள்.

விதிப்படி போகலாம் என்று ஒருவர், மனிதாபிமானம் வேண்டும் என்று இன்னொருவர்?

சந்தா கட்டாதவர் வீட்டுப் பிள்ளையைத் தமிழ் வகுப்பில் சேர்ப்பதா வேண்டாமா என்பது மாதிரி இடத்தில் இது வரும். எம்பிடிஐ மொழியில் டி (திங்கிங், தர்க்கத்தை வைத்து முடிவெடுப்பவர்), எஃப் (ஃபீலிங், மனிதர்களை மனதில் வைத்து முடிவெடுப்பவர்) என்று சொல்வார்கள். விதியைப் பேசுகிறவருக்கு இரக்கம் இல்லை என்றோ, மற்றவருக்கு விவரம் போதாது என்றோ முடிவு கட்டவேண்டாம். இதில் என் கட்சி தெளிவு: பிள்ளையைச் சேருங்கள், சந்தாவைப் பெற்றோரிடம் தனியாகக் கேளுங்கள். பிறகு, இப்படி வந்தால் என்ன செய்வது என்று ஒரு தீர்மானம் போட்டுவிடுங்கள், அடுத்த முறை யாருடைய மனசையும் நம்பி நிற்கவேண்டாம்.

வாட்ஸ்அப் குரூப்பில்தான் சண்டையே வருகிறது.

வரும். நேரில் "சரிங்க" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொல்வதும், குரூப்பில் "சரி" என்று மட்டும் போடுவதும் ஒன்றில்லை. சுருக்கமாக எழுதுகிறவர் கோபமாக இருக்கிறார் என்று விரிவாக எழுதுகிறவர் நினைத்துக்கொள்வார். பதில் வராவிட்டால் அலட்சியம் என்று தோன்றும், அவரோ இரவு ஷிப்டில் இருப்பார்.

குரூப்பை அறிவிப்புக்கு மட்டும் வையுங்கள். கருத்து வேறுபாடு இரண்டு பதிலைத் தாண்டினால் மூன்றாவது பதில் போன் அழைப்பாக இருக்கவேண்டும் என்று ஒரு விதி போடுங்கள். காலை வணக்கப் படங்களுக்கு வேறு குரூப் வைத்துக்கொள்ளலாம், அதுவும் சிலருக்கு உறவைப் பேணும் வழிதான், கேலி செய்யவேண்டாம்.

எல்லாமே ஆளுமைதானா? எங்கள் குழுவில் வயதுதான் பிரச்சினை என்று தோன்றுகிறது.

நல்ல கேள்வி, அதிகம் பேர் கேட்கவேண்டிய கேள்வியும்கூட. ஒரு இருபத்தெட்டு வயதுப் பையன் செயற்குழுவில் வாயைத் திறக்கவில்லை என்றால் அவன் இன்ட்ரோவெர்ட் என்று முடிவு செய்துவிடாதீர்கள். எதிரில் உட்கார்ந்திருப்பவர் அவன் அப்பாவோடு வேலை பார்த்தவராக இருப்பார். "மாமா, நீங்க சொல்றது சரியா வராது" என்று எப்படிச் சொல்வான்? இதே பையன் ஆபீசில் பெரிய டீமை நடத்திக்கொண்டிருப்பான். இது மரியாதைப் பழக்கம், குணத்தோடு சம்பந்தமில்லை. எழுதிக்கொடுக்கும் முறையும் இளையவர் முதலில் பேசும் முறையும் இங்கேயும் உதவும்.

பெண்கள் விஷயம் இன்னும் அழுத்தமாகச் சொல்லவேண்டியது. பல குழுக்களில் பெண் உறுப்பினர் வந்த உடனேயே கோலம், வரவேற்புத் தட்டு, பிரசாதம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கேட்டால், "அவங்க அனுசரிச்சுப் போற டைப்" என்கிறார்கள். அவருக்குக் கணக்கு வருமா, மேடையில் தொகுத்து வழங்கப் பிடிக்குமா என்று ஒருவரும் கேட்டதில்லை. ஆளுமை வகை என்ற பேரில் பழைய பாகுபாட்டுக்குப் புதுச் சட்டை மாட்டுவதை அனுமதிக்கவே கூடாது. மேலே சொன்ன நான்கு கேள்விகளை அவர்களிடமும் கேளுங்கள், வரும் பதிலின்படி வேலையைக் கொடுங்கள்.

தலைவர், செயலாளர் பதவிக்கு ஆள் தேர்ந்தெடுக்க இதைப் பயன்படுத்தலாமா?

கூடாது. எம்பிடிஐயை வெளியிடும் நிறுவனமே அதை ஆள் தேர்வுக்குப் பயன்படுத்தக்கூடாது என்றுதான் சொல்கிறது. அதுவுமில்லாமல், பதிவு செய்த சங்கமாக இருந்தால் (கர்நாடகத்தில் பெரும்பாலும் 1960ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்கும்) பதவிகள் உங்கள் துணை விதிப்படி பொதுக்குழுவில்தான் தீர்மானமாகவேண்டும். "இவர் இன்ட்ரோவெர்ட், தலைவருக்கு ஒத்துவர மாட்டார்" என்று ஒருவரைத் தேர்தலுக்கு முன் ஓரங்கட்டுவது அநியாயம்.

வேலையைப் பிரிப்பதற்குப் பயன்படுத்துங்கள், போதும். அதையும் அவர் சம்மதித்தால்தான்.

பொருளாளருக்கு ஒரு வார்த்தை தனியாக. "ரொம்பப் பொறுப்பான ஆள், நம்பி விடலாம்" என்று குணத்தைப் பார்த்துக் கணக்கை விட்டுவிடாதீர்கள். காசோலையில் இரண்டு கையெழுத்து, மாதாமாதம் வரவு செலவு வாசிப்பு, வருட ஆடிட், இவை நல்லவருக்கும் வேண்டும். பின்னால் யாராவது சந்தேகம் கிளப்பினால் அவரைக் காப்பாற்றப்போவதும் இவைதான்.

"நான் இப்படித்தான், என் டைப் அப்படி" என்று ஒருவர் தப்பிக்கிறார்.

வகை என்பது ஒருவருக்கு எது எளிது என்று சொல்லும், எதைச் செய்யாமல் விடலாம் என்று சொல்லாது. கடைசி நேரத்தில் வேகம் வரும் ஆளாகவே இருக்கட்டும், மண்டபத்துக்கு முன்பணம் கட்டவேண்டிய நாள் கட்டவேண்டிய நாள்தான். மனதில் பட்டதைப் பட்டென்று சொல்கிறவராகவே இருக்கட்டும், சமையல்காரரை எல்லார் முன்னாலும் ஏசக்கூடாது. இதைத் தலைவர் தனியாகக் கூப்பிட்டு, தெளிவாகச் சொல்லவேண்டும். முணுமுணுப்பாகவே விட்டால் இரண்டு நல்ல ஆட்கள் விலகுவார்கள், அந்த ஒருவர் மட்டும் இருப்பார்.

அதேபோல மற்றவர்களும், "அவரு ஜே டைப், அப்படித்தான் குதிப்பாரு" (எம்பிடிஐயில் ஜே என்றால் எல்லாம் திட்டப்படி நடக்கவேண்டும் என்பவர்) என்று முதுகுக்குப் பின்னால் முத்திரை குத்தக்கூடாது. தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளலாம், அடுத்தவரைப் பற்றி நாம் சொல்லக்கூடாது. இந்த ஒரு விதியை முதல் நாளே சொல்லிவிட்டால் பாதி ஆபத்து குறையும்.

யார் என்ன சொன்னார்கள் என்பதை எழுதி வைக்கலாமா?

அவரவர் சம்மதத்தோடு, வேலைக்குத் தேவையான அளவு மட்டும். "தவறு இருந்தால் போனில் சொல்லவும்", "நன்கொடை கேட்கப் போகமாட்டார்", "மேடை ஏறச் சம்மதம்" என்று ஒரே ஒரு வரி போதும். மார்க், எழுத்து, வகை எதுவும் வேண்டாம். மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றவே கூடாது.

எங்கள் குழுவில் எல்லாருமே ஒரே மாதிரி. சண்டையே வருவதில்லை.

எல்லாரும் ஒரே மாதிரி என்பதும் ஒரு குறைதான். அடுத்த தேர்தலில் வேறு தெரு, வேறு தொழில், வேறு வயது ஆட்களைக் கூப்பிடுங்கள். ஆட்டோ ஓட்டுபவர் ஒருவர், பள்ளி ஆசிரியை ஒருவர், இங்கேயே பிறந்து வளர்ந்து கன்னடம் சரளமாகப் பேசுகிற ஒருவர் வந்தால் நல்லது. கடைசியில் சொன்னவர் இருந்தால் சங்கராந்திக்கு எள்ளு பெல்லா (எள்ளும் வெல்லமும் கலந்தது) கொடுக்கும் பக்கத்து வீட்டுக் கன்னடக் குடும்பங்களையும் விழாவுக்கு முறையாக அழைக்க முடியும், வரவேற்புரையைக் கன்னடத்திலும் ஒருமுறை சொல்லலாம். எல்லாரும் ஒரே மாதிரி இருக்கும் குழுவுக்கு இதெல்லாம் தோன்றுவதே இல்லை.

ஒருவர் விலகுகிறேன் என்கிறார். ஆளுமை மோதலா?

இருக்கலாம், ஆனால் முதலில் அவருடைய வேலைப் பட்டியலைப் பாருங்கள். நான் பார்த்தவரை, "அவருக்கும் எனக்கும் ஒத்துவரலை" என்று விலகும் பலர் உண்மையில் களைத்துப்போனவர்கள். சந்தா வசூல், நூலகச் சாவி, தமிழ் வகுப்புக்கு ஆள் பிடிப்பது, விழா மலர் பிழைதிருத்தம் எல்லாம் ஒரே தலையில் இருக்கும். அப்படிப்பட்டவர் யாரோடும் எரிந்துதான் விழுவார்.

கூட்டத்துக்கு வெளியே, அவர் வீட்டுக்கே போய், இரண்டு பேராகப் பேசுங்கள். தலைவரும் அவருக்கு நெருக்கமான ஒருவரும் போதும். "எந்த ரெண்டு வேலையை எடுத்துட்டா இருப்பீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் இரண்டையும் அந்த வாரமே வேறு ஆளிடம் மாற்றுங்கள், அடுத்த கூட்டம் வரை தள்ளிப்போடாதீர்கள். அப்படியும் போகிறேன் என்றால் விடுங்கள். நூலகச் சாவியையும் உறுப்பினர் பட்டியலையும் வாங்கிக்கொண்டு, பொங்கல் விழா அழைப்பிதழை முதல் ஆளாக அவர் வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள்.